கோட்டாவில் வந்தவள் எழுதுகிறேன்

டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வரப்போகிறது என்று செய்தி கிளம்பினாலே என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "அக்கா, பிடபிள்யூடி கோட்டால ஈஸியா கிடைச்சுருமாமே, உண்மையா?" பிடபிள்யூடி என்றால் மாற்றுத்திறனாளி. கேட்பவர்களில் பாதிப் பேர் காது கேளாதவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய அண்ணனோ அம்மாவோ. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டை. இரண்டு காதும் மந்தம். அரசு அட்டையில் 65 சதவீதம். 2022 ஜூலையில் குரூப் 4 எழுதி, இப்போது ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எந்தத் துறை என்று கேட்காதீர்கள், கீழே கொஞ்சம் புகார் சொல்லப்போகிறேன்.

எனக்குக் காது கேட்கவில்லை என்பதே வீட்டில் ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். எங்கள் தெருவில் காலை முதல் இரவு வரை தறிச் சத்தம்தான். தெருவில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள், கூப்பிட்டால் திரும்பாவிட்டால் தோளைத் தட்டுவார்கள். நானும் அப்படியே வளர்ந்தேன். ஐந்தாம் வகுப்பு டீச்சர்தான், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு டிக்டேஷன் சொன்னால் நான் மட்டும் வெள்ளைத் தாளை நீட்டுவதைக் கவனித்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். அப்புறம் காது மிஷின் வந்தது. சடையைக் காதுக்கு மேல் இழுத்துப் பின்னும் பழக்கமும் கூடவே வந்தது.

இந்தச் சடை விஷயத்தை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். கல்லூரி முடிக்கும்வரை என்னிடம் மாற்றுத்திறனாளி சான்றிதழே கிடையாது. அம்மா எடுக்க விடவில்லை. "கவர்மென்ட் கையெழுத்துப் போட்டு செவிடுன்னு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு எந்த வரன்டி வரும்?" மிஷினைச் சடைக்குள் மறைக்கலாம், சான்றிதழை மறைக்க முடியாது என்பது அவர் கணக்கு. எனக்கு வரும் செய்திகளை வைத்துச் சொல்கிறேன்: காது கேளாத பெண்பிள்ளைகள் அரசு வேலையைக் கோட்டை விடுவது பெரும்பாலும் தேர்வு அறையில் இல்லை, இந்த இடத்தில்தான். அட்டை இல்லாமல் பொதுப் போட்டியிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். அறிவிப்பு வந்தபிறகு ஓடினால், விண்ணப்பக் கடைசித் தேதிக்குள் மருத்துவக் குழுவின் கையெழுத்து வராது. ஆகவே இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு: அட்டையை யாரும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரியப்போவதில்லை. எடுத்து பீரோவில் வையுங்கள். வேண்டும்போது உதவும்.

சான்றிதழ் எடுக்கும் கதையைச் சொல்கிறேன். இப்போது யூடிஐடி என்ற தேசிய அடையாள எண்ணுக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காது விஷயத்தில் இரண்டு சோதனை. முதலாவது ஆடியோகிராம். சத்தம் புகாத சிறு அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கும் பேச்சுச் சத்தம் இருக்கும் அலைவரிசைகள். அவற்றில் எத்தனை டெசிபலில் உங்களுக்குக் கேட்கத் தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். பட்டனை அழுத்தாமல் ஏமாற்றலாமே என்று யாருக்காவது தோன்றினால், அதற்குத்தான் இரண்டாவது சோதனை, பெரா. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்துவிடுவார்கள். காதுக்குள் டிக் டிக் என்று போகும் ஒலிக்கு நரம்பு என்ன பதில் சொல்கிறது என்று மெஷினே பார்த்துக்கொள்ளும். நீங்கள் தூங்கினால்கூட நல்லது. நான் நன்றாகத் தூங்கினேன்.

நான் போன மருத்துவமனை எது என்று சொல்லமாட்டேன். அங்கே குழு உட்கார்ந்திருந்த அறைக்கு வெளியே நீளமான வராண்டா, அதில் எங்களைப் போன்றவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்து ஒருவர் வெளியே வராமல் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்து இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். காது கேட்காதவர்கள் கூட்டத்தில் பெயரைக் கத்திக் கூப்பிடுகிறோம் என்பது அன்று மாலைவரை அவருக்கு உறைக்கவில்லை. கடைசியில் யாரோ ஒரு பாட்டி, பேரனுக்காக வந்தவர், வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு பெயரையும் வாங்கி எங்கள் தோளைத் தட்டி உள்ளே அனுப்பினார். ஒரு துண்டுத் தாளில் டோக்கன் எண் எழுதிக் காட்டினால் முடிகிற வேலை.

சதவீதக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள், நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். எனக்கு ஒரு காது 62, இன்னொன்று 80. 310-உம் 80-உம் 390, வகுத்தால் 65. இதே கணக்கில், ஒரு காது முழுக்கப் போய் மற்றது நன்றாக இருப்பவருக்கு 100-ஐ ஆறால் வகுத்து 17 சதவீதம்கூட வராது. இட ஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 வேண்டும். என் தோழி ஒருத்திக்கு அம்மைக்கட்டு வந்து ஒரு காது போய்விட்டது. வகுப்பில் அவள் பட்ட பாடு என்னைவிடக் குறைவில்லை. ஆனால் கணக்கில் அவள் இல்லை. அவளிடம் "நீயும் அப்ளை பண்ணு" என்று ஊரெல்லாம் சொல்லி, அவள் இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தாள்.

சரி, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் ஒதுக்கும் 4 சதவீதத்துக்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வருவதற்கு முன் 1995 சட்டத்தில் 3 சதவீதம் இருந்தது. புதுச் சட்டத்தில் பார்வைக்கு 1, செவிக்கு 1, கை கால் இயக்கத்துக்கு 1. இந்தக் கை கால் பிரிவில்தான் பெருமூளை வாதம், குள்ளத்தன்மை, தொழுநோயிலிருந்து குணமானவர், அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர் எல்லாரும் வருகிறார்கள். நான்காவது 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆக "4 சதவீதம் உனக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நமக்கு 1 தான். 2024 குரூப் 4 அறிவிப்பில் முதலில் சொன்ன இடங்கள் 6,244. கணக்குப்படி காதுக்கு அறுபத்துச் சொச்சம். 2025-இல் 3,935. அதில் நாற்பதைத் தொடாது. அதையும் பதவி வாரியாகப் பிரிப்பார்கள்.

இன்னொரு தப்பான எண்ணம், இந்த 1 சதவீதம் சாதி ஒதுக்கீட்டுக்கு வெளியே தனியாக ஒரு பெட்டியில் இருக்கிறது என்பது. அப்படி இல்லை. தமிழ்நாட்டின் 69 சதவீதம் மேலிருந்து கீழே போகிறது என்றால், மாற்றுத்திறனாளி, பெண்கள், தமிழ் வழியில் படித்தோர் ஒதுக்கீடெல்லாம் அதைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. நான் மாற்றுத்திறனாளியாகத் தேர்வானாலும் என் இடம் பிசி கணக்கில்தான் போய் உட்காரும். அதனால் கட் ஆஃப் என்று ஒரே எண்ணை யாராவது யூடியூபில் சொன்னால் பாதி வீடியோவிலேயே மூடிவிடுங்கள். உங்கள் பிரிவு, உங்கள் குறைபாடு, ஆணா பெண்ணா, தமிழ் வழியா என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. அறிவிப்பு வந்ததும் எல்லாரும் காலியிட எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், பிறகு வயது, பிறகு தேர்வுத் தேதி. நீங்கள் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே ஒரு அட்டவணை இருக்கும். எந்தப் பதவிக்கு எந்தக் குறைபாடு 'பொருத்தமானது' என்று எழுத்துகளில் போட்டிருப்பார்கள். எச்எச் என்றால் நம்மைப் போல் கொஞ்சம் கேட்பவர்கள், டி என்றால் முழுக்கக் கேளாதவர்கள், எல்வி என்றால் குறைபார்வை, ஓஎல் என்றால் ஒரு கால். மத்திய அரசுப் பட்டியலில் அந்த வேலைக்கு உடம்பு என்னென்ன செய்ய வேண்டும் என்றும் எழுத்து இருக்கும். எஸ் உட்காருதல், எஸ்டி நிற்றல், டபிள்யூ நடத்தல், ஆர்டபிள்யூ படித்தல் எழுதுதல், எச் கேட்டல். உங்கள் எழுத்து அந்தப் பதவிக்கு எதிரே இல்லை என்றால், நீங்கள் மாநிலத்தில் முதலிடமே வாங்கினாலும் அந்தப் பதவியில் உங்களுக்கு ஒதுக்கீடு இல்லை.

டியும் எச்எச்சும் ஒன்று என்று நினைத்துக் கண்ணை மூடி டிக் அடிப்பவர்கள் உண்டு. சட்டத்தில் இரண்டு காதிலும் 70 டெசிபலும் அதற்கு மேலும் இழப்பு என்றால் முழுக் கேளாமை, 60 முதல் 70 வரை என்றால் மந்தம். எல்லாப் பதவியும் இரண்டுக்கும் திறந்திருக்காது. இந்தப் பட்டியலை மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே போன முறை இல்லை என்பதால் இந்த முறையும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், ஒவ்வொரு அறிவிப்பிலும் புதிதாகப் பாருங்கள்.

இந்தப் பட்டியலை யார் எழுதுகிறார்கள், ஒரு காது கேளாதவரால் இதைச் செய்ய முடியாது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வருவதுண்டு. பார்வையில்லாதவர்கள் நீதிபதி வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாதபடி மத்தியப் பிரதேசத்தில் ஒரு விதி இருந்தது. பார்வையில்லாத பிள்ளையின் தாய் ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுத, அதையே வழக்காக எடுத்துக்கொண்டு, 2025 மார்ச்சில் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு வரி விதி எத்தனை வருடம் எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்!

தேர்வுக்குப் படித்த கதைக்கு வருகிறேன். குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் 100 கேள்வி தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். நான் எழுதியபோது பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பு: 'ஒலி வேறுபாடறிந்து சரியான பொருளையறிதல்'. படித்துவிட்டு நானே சிரித்துவிட்டேன். வலி, வளி, வழி மூன்றும் எனக்கு ஒரே உதட்டசைவு. மாத்திரை, அளபெடை, குற்றியலுகரம் என்று இலக்கணத்தில் பாதி காதுக்கானது. ஆனால் நடந்தது வேறு. எனக்கு இந்தச் சொற்கள் சத்தமாக என்றைக்கும் அறிமுகமானதே இல்லை, எழுத்தாகத்தான் தெரியும். கோச்சிங் சென்டரில் பக்கத்தில் இருந்தவர்கள் 'வாளைப்பளம்' என்று சொல்லிச் சொல்லி எழுத்திலும் குழம்பினார்கள். எனக்குக் குழம்ப வழியே இல்லை. அந்தப் பகுதியில் நான் மார்க் விடவில்லை.

ஆனால் சைகை மொழியிலேயே வளர்ந்த, பிறவியிலேயே முழுக்கக் கேளாத நண்பர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு எழுத்துத் தமிழே இரண்டாவது மொழி மாதிரி. வேற்றுமை உருபுகளோடு அவர்கள் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரே அளவு இடம், ஒரே வினாத்தாள், ஆனால் மந்தமான காதுக்கும் முழுக்கக் கேளாத காதுக்கும் நடுவே பெரிய தூரம். அதையும் மீறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கோவையைச் சேர்ந்த ரஞ்சித், பேச்சும் கேட்டலும் குறைபட்டவர், 2020-ஆம் ஆண்டு சிவில் சர்வீஸ் தேர்வைத் தமிழில் எழுதி 750-ஆவது இடம் பிடித்தார். என் அலமாரிக் கதவில் அந்தச் செய்தித்தாள் துண்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.

தேர்வு நாளில் கூடுதல் நேரம் உண்டா என்று கேட்கிறார்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, சொல்லச் சொல்ல எழுத ஸ்க்ரைப் வைத்துக்கொள்ளும் தகுதி உள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல். பார்வையில்லாதவர்கள், இரண்டு கையும் பாதிக்கப்பட்டவர்கள், பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கு அது முக்கியம். காது மட்டும்தான் பிரச்சினை என்றால் நமக்குக் கை இருக்கிறது, கண் இருக்கிறது. நான் எழுதியபோது எனக்கு அதே மூன்று மணி நேரம்தான். எனக்கு அதில் குறை இல்லை. குறை வேறு இடத்தில். வாசலில் சோதனை செய்தவர் மெட்டல் டிடெக்டரை வைத்துப் பார்த்துவிட்டு மிஷினைக் கழற்றச் சொன்னார், புளூடூத் என்று நினைத்துவிட்டார். அட்டையைக் காட்டியும் நம்பவில்லை. மேற்பார்வையாளர் வந்து பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். அதனால் சொல்கிறேன், சான்றிதழின் நகலை ஹால் டிக்கெட்டோடு சேர்த்தே பின் அடித்து வையுங்கள், சீக்கிரம் போங்கள். உள்ளே போனதும் அறைக் கண்காணிப்பாளரிடம் "சார், எனக்குக் காது கேட்காது, அறிவிப்பு ஏதாவது இருந்தால் பலகையில் எழுதுங்கள்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். எனக்கு வந்த டீச்சர் தங்கமானவர், ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் என் மேசைக்கு வந்து விரலால் நேரம் காட்டினார். மிஷின் பேட்டரியைக் காலையிலேயே புதிதாகப் போடுங்கள். நடுவில் செத்தால் கவனம் முழுக்க அதிலேயே போய்விடும். கடைசியாக, விடைத்தாளில் விடை தெரியாத கேள்விக்கு 'E' என்ற ஆங்கில எழுத்து வட்டத்தை நிரப்ப மறக்காதீர்கள். அதைச் சொல்லும் அறிவிப்பு நம் காதில் விழாது.

முடிவு வர எட்டு மாதம் ஆனது. 7,301 என்று தொடங்கிய காலியிடம் அதற்குப்பின் பத்தாயிரத்தைத் தாண்டியது. அதுவும் எனக்கு உதவியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு, சென்னையில் கலந்தாய்வு எல்லாம் வழக்கம்போலத்தான். மீதமிருக்கும் இடங்கள் திரையில் ஓடியதால் எனக்கு அது வசதியாகவே இருந்தது.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்குக் கொடுத்த இருக்கை எது தெரியுமா? போன் இருக்கும் மேசை. வேண்டுமென்று செய்யவில்லை, அந்த இடம்தான் காலியாக இருந்தது. ஆனால் மாற்றிக் கேட்டபோது "கோட்டாலதானம்மா வந்த, அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்று ஒருவர் சொன்னார். 2016 உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளி ஊழியருக்கு உரிய வசதி செய்துதர வேண்டும் என்கிறது. வேலையில் இருக்கும்போது குறைபாடு வந்தால் பணியிலிருந்து நீக்கக்கூடாது என்பதும் அதே பிரிவில்தான். அதைக் குறிப்பிட்டு அரைப் பக்கத்தில் ஒரு மனு எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இப்போது நான் தபால் பார்க்கிறேன், தன்பதிவேடு (என்னிடம் வரும் கடிதங்களின் கணக்கு) எழுதுகிறேன். என் மேசையில் கோப்பு தங்காது. போனை எடுக்கும் தம்பிக்கு எழுத்து வேலை என்றால் அலர்ஜி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

2024-இல் ஒரு ஐஏஎஸ் பயிற்சி அதிகாரியின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் உண்மையா என்ற சர்ச்சை நாடு முழுக்க ஓடியதே, அதற்குப் பிறகு எங்களைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. காதுக் குறை வெளியே தெரியாது, அதனால் சந்தேகம் முதலில் எங்கள்மேல்தான். பின்னாலிருந்து கூப்பிட்டுச் சோதித்துப் பார்க்கும் சகஊழியர்களும் உண்டு. மறுபரிசோதனைக்கு அழைத்தால் பயப்படாமல் போங்கள். பெரா மெஷினுக்கு யாரையும் பிடிக்கவும் செய்யாது, பிடிக்காமலும் போகாது.

வங்கி, எஸ்எஸ்சி, ரயில்வே எழுதுகிறவர்கள் சான்றிதழ் எந்தப் படிவத்தில் இருக்க வேண்டும் என்று அந்த அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 2017 விதிகளில் காதுக்கு உரியது படிவம் 7. ஓபிசி சான்றிதழும் மத்திய அரசு வடிவத்தில் தனியாக வேண்டும், தாலுகா அலுவலகத்தில் வாங்கிய சாதாரணச் சாதிச் சான்றிதழ் போதாது. வயதில் மத்திய அரசில் 10 வருடச் சலுகை, ஓபிசிக்கு 13, எஸ்சி, எஸ்டிக்கு 15. டிஎன்பிஎஸ்சியில் தேர்வுக் கட்டணம் நமக்கு இல்லை, ஆனால் நிரந்தரப் பதிவுக்கான 150 ரூபாய் உண்டு.

இன்னும் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், எழுத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பதில் சொல்வேன். வாய்ஸ் மெசேஜ் மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். போன வாரம்கூட ஒருவர் நான்கு நிமிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்.